ஹேஸலின் நிறம்

தாம்பரம் ரயில்வே காலனியில் ஆங்கிலோ இந்தியரான, ஊர்ப் பேச்சில் சட்டைக்காரரான, ரயில் கார்டு சிரிலுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவன் டெனிஸ் அப்பாவைப் போல வெளுப்பு, பூனைக்கண். இளையவள் ஹேஸல் தமிழச்சியான அம்மா அருள்மேரியை உரித்து வைத்திருந்தாள், நல்ல கறுப்பு. காலனிப் பிள்ளைகள் அவளை விளையாட்டில் சேர்க்க யோசிப்பார்கள். அம்மா வழிச் சொந்தங்களோ கவுனைக் கண்டதுமே, "துரைசானி வந்துட்டாங்கப்பா" என்று கேலி பேசுவார்கள்.

1964-ல் காலனியில் பாதிப் பேர் ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். குடும்பத்தில் ஒரு கறுத்த முகம் இருந்தாலும் மொத்த மனுவும் தள்ளுபடி ஆகிவிடும் என்று பேச்சு. சிரில் யாரையும் கலந்துகொள்ளவில்லை. மனைவி இறந்துவிட்டாள், ஒரே மகன் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

"காகிதத்துக்குத்தானே எழுதினேன், மேரி? ஆறே மாசம். உங்க ரெண்டு பேரையும் கூப்பிட்டுக்கறேன்" என்றார்.

அருள்மேரி அவருடைய சட்டைகளை மடித்துப் பெட்டியில் அடுக்கினாள். ஹேஸலுக்கு அப்போது பதினாறு வயது. கண்ணெதிரே நிற்பவளைச் செத்துப்போனவள் என்று எழுத ஒரு மனிதனுக்குக் கை வருமா என்று அவள் அப்பாவின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சிரிலும் டெனிஸும் கப்பலேறியதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொன்னார்கள். தாயும் மகளும் பல்லாவரத்தில் ஓர் ஒற்றை அறைக்கு வந்தார்கள். ஹேஸல் டைப்பிங் படித்து ஒரு தோல் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். முதலில் மாதம் ஒரு கடிதம் வந்தது. பிறகு கிறிஸ்துமஸுக்கு மட்டும். பிறகு அதுவும் நின்றது. 1969-ல் மஞ்சள் காமாலை அருள்மேரியைக் கொண்டுபோனது. தந்தி கொடுத்தும் பதில் இல்லை.

ஆபீஸில் கூட வேலை பார்த்த அசரியா அவளைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டான். அவன் அம்மா தபீதாள் ஒருநாள் வந்து பார்த்தாள்.

"சட்டைக்கார வீட்டுப் பொண்ணு எங்களுக்கு ஒத்து வராதும்மா. உன் அப்பா எங்கேன்னு கேட்டா நாங்க என்னன்னு சொல்றது?"

அதன்பிறகு அசரியா அவள் மேஜைப் பக்கமே வரவில்லை.

1974 டிசம்பரில் டெனிஸிடமிருந்து கடிதம்: மனைவியோடு வருகிறேன். தன்னை அழைத்துப்போகத்தான் வருகிறான் என்று ஹேஸல் நம்பினாள். லீவு போட்டு, அறைக்கு வெள்ளையடித்து, புதுச் சேலை கட்டிக் காத்திருந்தாள்.

டாக்சி வந்தது. டெனிஸ் மட்டும் இறங்கி அவசரமாக உள்ளே வந்தான்.

"ஹேஸல், எனக்காக ஒண்ணு செய். டாடி போன வருஷம் போயிட்டார். அம்மா இங்கிலாந்துக்காரின்னு என் வொய்ஃப் ஜேன்கிட்ட சொல்லியிருக்கேன். நீ என்னை வளர்த்த ஆயாவோட பொண்ணு. பிறந்த ஊரையும் பழைய ஆளுங்களையும் காட்டுன்னு அவதான் அடம்பிடிச்சா."

அப்பா செத்த செய்தியே அவளுக்கு அப்படித்தான் கிடைத்தது. அண்ணனின் முகத்தைப் பார்த்தாள். பயத்தில் வெளிறியிருந்தது. கத்தி ஊரைக் கூட்டலாம். கூட்டி என்ன கிடைக்கும்?

"சரி" என்றாள்.

ஜேன் உள்ளே வந்து அவள் கைகளைப் பிடித்துக்கொண்டாள். "டெனிஸை வளர்த்தது உங்க அம்மாதானாமே! அவனை இடுப்பை விட்டு இறக்கவே மாட்டாங்களாம்."

"ஆமாம் மேடம்" என்றாள் ஹேஸல். "அவர்னா அவங்களுக்கு உயிர்."

பதினைந்து நிமிஷத்தில் கிளம்பிவிட்டார்கள். டெனிஸ் விலாசம் தரவில்லை, அவளும் கேட்கவில்லை. டாக்சி தெருமுனை திரும்பியதும் வீட்டுக்காரி காந்திமதி எட்டிப் பார்த்தாள்.

"யாரும்மா அவங்க?"

"அம்மா வேலை செஞ்ச வீட்டுக்காரங்க" என்று சொல்லிவிட்டு, ஹேஸல் கதவைச் சாத்திக்கொண்டாள்.