அவன் கூப்பிடவில்லை என்று சொன்னேன்

எழுபதுகளின் நடுவில், பாலக்காட்டுப் பக்கம் ஒரு கல்லூரியின் கால்பந்து டீமில் நான் கோல் கீப்பராக இருந்தேன். அந்த ஒரு வருடம் நாங்கள் ஆடிய எந்த ஆட்டத்திலும் ஜெயிக்கவில்லை. ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். சரியான காரணம் எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன். எனக்குக் கண் சரியாகத் தெரியவில்லை.

எங்கள் வீடு தமிழ்நாட்டு எல்லையில் மீனாட்சிபுரத்தை ஒட்டி இருந்தது. நாலைந்து மாடு, கொஞ்சம் கடலைக்காடு. மார்க்கைப் பார்த்து எனக்கு யாரும் சீட் கொடுத்திருக்க மாட்டார்கள். பள்ளிக்கூடத்தில் பந்து நன்றாகப் பிடித்ததால் கிடைத்த இடம் அது. இரண்டாம் வருடம் மழை ஓய்ந்து பயிற்சி தொடங்கியபோது, நடுக்கோட்டுக்கு அப்பால் இருக்கும் பந்து எனக்கு மண்ணோடு மண்ணாகக் கலங்கித் தெரிந்தது. கண்ணாடி போட்டவனைக் கோல் போஸ்டில் யார் நிறுத்துவார்கள்? டீமிலிருந்து எடுத்தால் கல்லூரியிலிருந்தும் அனுப்பிவிடுவார்கள் என்று பயந்தேன். வாயைத் திறக்கவில்லை.

எனக்கு முன்னால் பந்தைத் தடுக்கும் ஸ்டாப்பராக நின்றவன் மூணாறு எஸ்டேட்டிலிருந்து வந்தவன். அப்பா அம்மா இரண்டு பேருக்கும் தேயிலைத் தோட்ட வேலை. ஹாஸ்டலிலும் நாங்கள் ஒரே அறை. மைதானத்தில் மற்றவர்கள் மலையாளத்தில் கத்த, நாங்கள் இரண்டு பேர் மட்டும் தமிழில் கத்துவோம். "ஏலே, வலது பக்கமா வாரான்! வெளிய வா!" என்பான். அந்தக் குரல் வந்த பக்கம் பார்த்துத்தான் நான் பாய்ந்துகொண்டிருந்தேன்.

முதல் இரண்டு ஆட்டத்திலும் ஒரு கோலில் தோற்றோம். மூன்றாவதில் மூன்று கோல் வாங்கினேன். போஸ்டுக்குப் பின்னால் நின்ற கூட்டத்தில் ஒருவன், கோழியை விரட்டிப் பிடிப்பவன் போலக் குனிந்து நடித்துக் காட்ட, எல்லோரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு என் அறைக்காரன் என்னை ஒட்டியே நிற்க ஆரம்பித்தான். "முன்னால ஏறி நில்லு, ஏறி நில்லு" என்று டிரில் மாஸ்டர் கோட்டுக்கு வெளியிலிருந்து திட்டினாலும் நகர மாட்டான்.

ஐந்தாவது ஆட்டம் எங்கள் மைதானத்திலேயே நடந்தது. மார்கழிக் காற்று கிழக்கேயிருந்து புழுதியை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. எதிராளிகளுக்கு ஒரு கார்னர் கிடைத்தது. பந்து மேலே எழும்பியதும் அவன் கத்தினான். "ஒன்னுது! எடுல!"

காதில் விழுந்தது. பந்து எங்கே என்றுதான் தெரியவில்லை. இரண்டு அடி போனேன், நின்றுவிட்டேன். நான் எடுத்துவிடுவேன் என்று நம்பி அவன் தலையைக் குனிந்திருந்தான். எதிராளி ஒருவன் நோகாமல் தலையால் தட்டி உள்ளே போட்டான். அதோடு எல்லோரும் தளர்ந்துபோனார்கள். மேலும் நாலு கோல் விழுந்தது.

ஆட்டம் முடிந்ததும் மாஸ்டர் எங்களை வரிசையாக நிறுத்தினார். அவர் பாலக்காட்டுச் சித்தூர்க்காரர், எங்களிடம் தமிழில்தான் பேசுவார்.

"அந்தப் பந்துக்கு ஏன்டா மரம் மாதிரி நின்னே?" என்று என்னைக் கேட்டார்.

"அவன் கூப்படவே இல்லீங்க சார். அவனே அடிச்சுருவான்னு நெனச்சுட்டனுங்க."

அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான்.  மாஸ்டர் அவனிடம், "அடுத்த மேட்ச்லருந்து நீ வெளிய இரு" என்றார்.

அன்று அறையில் அவன் பூட்ஸைக் கழுவி ஜன்னலில் வைத்துக்கொண்டிருந்தான். "டேய்" என்றேன். "பேசாதல" என்றான், முகத்தைத் திருப்பாமல். அதற்குப் பின் அந்த அறையில் நாங்கள் பேசிக்கொள்ளவே இல்லை.

அவன் இல்லாத ஆட்டங்களில் எனக்கு முன்னால் நின்றவன் கத்தவே மாட்டான். ஒன்றில் ஏழு கோல் வாங்கினேன். திரும்பி வரும் பஸ்ஸில் என் பக்கத்து இருக்கை காலியாகவே இருந்தது.

பரீட்சைக்கு முன்பே அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். அப்பாவுக்கு முடியாமல் போய்விட்டது, அந்த வேலை இவனுக்குக் கிடைக்கிறது, விளையாட்டும் போன பிறகு இங்கே இருந்து என்ன என்று சொன்னானாம். பக்கத்து அறைக்காரன் சொல்லித்தான் தெரியும்.

பரீட்சையில் நான் கேள்வித்தாளை மூக்கில் ஒட்டுவது போல வைத்துப் படித்ததைக் கவனித்த ஆசிரியர் ஒருவர், என்னைக் கோயமுத்தூருக்குக் கண் டாக்டரிடம் அனுப்பினார். தடிக் கண்ணாடியோடு மாஸ்டர் முன்னால் போய் நின்றேன். "அப்ப இனி வெளையாட வேண்டாம்" என்றார். அவ்வளவுதான். கல்லூரியிலிருந்து என்னை யாரும் அனுப்பவில்லை.

கோடை லீவில் உடுமலை, மறையூர் வழியாக பஸ் ஏறி அவன் எஸ்டேட்டுக்குப் போனேன். தேயிலை ஃபேக்டரி வாசலில் காத்திருந்தேன். புருவமெல்லாம் தேயிலைத் தூளோடு வெளியே வந்தான். இளைத்திருந்தான்.

"கண்ணாடி போட்டுட்டியா" என்றான்.

"எனக்கு அப்பவே கண்ணு தெரியிலடா. அதச் சொல்லோணும்னுதான் வந்தேன்."

"தெரியும்ல. மூணாவது மேட்ச்லயே தெரியும். அதான ஒன் பக்கத்துலயே நின்னேன்."

"பின்ன ஏன் மாஸ்டருகிட்டச் சொல்லல?"

"சொன்னா ஒன்ன எடுத்துருவாங்கல்லா?" புருவத்துத் தூளைத் துடைத்தான். பிறகு குரல் உயர்ந்தது. "கண்ணு தெரியலன்னு சொல்லியிருக்கலாம். பந்து கைய விட்டுட்டுன்னு சொல்லியிருக்கலாம். நான் கூப்பிடலன்னு ஏன்ல சொன்ன? தொண்ட கிழியக் கத்துனேன்."

"தப்புப் பண்ணிட்டன்டா" என்றேன். 

அவன் சரி என்றும் சொல்லவில்லை, போடா என்றும் சொல்லவில்லை. "சாப்பிட்டியா? கீழ கட இருக்கு. கடைசி பஸ் நாலு மணிக்கு, விட்டுராத" என்று சொல்லிவிட்டு உள்ளே போனான். திரும்பி வருவானோ என்று கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு இறங்கி நடந்தேன்.

ஊருக்கு வந்து இரண்டு கடிதம் போட்டேன். பதில் இல்லை. அடுத்த வருடம் எங்கள் கல்லூரி ஆட்டத்துக்கு டீமே அனுப்பவில்லை. மைதானத்தில் என்.சி.சி. மாணவர்கள் அணிவகுப்புப் பழகினார்கள்.