நாப்பது சட்டையும் காஜா அக்காவும்

நான் அந்தத் தையல் கடையில இஸ்திரி போடுறவ. காஜா அக்காவைப் பத்திச் சொல்ல என்னைவிட ஆளில்லை. பட்டன் ஓட்டை தைக்கிறதுக்குத்தான் காஜான்னு பேரு. பதினெட்டு வருஷமா அதையும் மிஷின் தையலையும் பாத்தவ. கடை அவ கூடப்பிறந்த அண்ணனோடது. எங்க தொழில்ல துணி வெட்டுறவர்தான் மாஸ்டர், மத்தவங்க வெறும் வேலையாள். "எனக்கப்புறம் கட்டிங் மேசை உனக்குத்தாம்மா"ன்னு அண்ணன் தேனொழுகப் பேசுவாரு. அக்கா அதை நம்பித்தான் கிடந்தா.

அண்ணனுக்குக் கண்ணு மங்கிச்சு. மேசை யாருக்குப் போச்சு? அவரு பொண்டாட்டியோட தம்பிக்கு! கத்திரி பிடிச்சு எட்டு மாசம் ஆகலை. அக்கா பழையபடி காஜா தைக்க உக்காந்துட்டா.

அந்த மகராசன் துணியை மிச்சம் பிடிக்கிறேன்னு, தையலுக்கு உள்ள விடவேண்டியதையும் ஒட்ட நறுக்கிடுவான். கையைத் தூக்கினா பிரிஞ்சிரும். அக்காதான் அக்குள்ல துண்டுத்துணி வெச்சு, பொடித்தையலா ரெண்டு தடவை மிஷின் ஓட்டிக் காப்பாத்துவா. ஒருநாள் வாடிக்கைக்காரர் ஒருத்தர், "தையல் சும்மா இரும்பா நிக்குதே"ன்னாரு. "எல்லாம் என் கைராசி சார்"னு இவன் நெஞ்சை நிமித்தினான். பக்கத்துல அண்ணன் பல்லைக் காட்டிக்கிட்டு நின்னாரு.

அன்னைக்கு அக்கா என்கிட்ட சொன்னா. "இனிமே அவன் வெட்டுனதை வெட்டுனபடியே தைக்கிறேன். ஒரே தையல். நாறட்டும்."

அடுத்து வந்தது புது ஹோட்டல் சர்வர்களுக்கு நாப்பது சட்டை. திறப்பு விழா மத்தியானம், தட்டைத் தூக்கினவன் ஒவ்வொருத்தனுக்கும் அக்குள் சர்ருன்னு விட்டுப்போச்சாம். ஹோட்டல் மேனேஜர் மூட்டையைக் கொண்டாந்து கடை நடுவுல கொட்டினாரு. கைராசிக்காரன் பின்வாசல் வழியா கம்பி நீட்டிட்டான்.

அண்ணன் தங்கச்சி பக்கம் திரும்பினாரு. "ஏம்மா, எப்பவும்போல ரெண்டாவது தையல் போடலையா?"

அக்கா மிஷினை நிறுத்தினா. "அது உங்களுக்குத் தெரியுமாண்ணே?"

அடப்பாவி மனுஷா! தெரிஞ்சுதான் இத்தனை நாளும் பல்லைக் காட்டியிருக்காரு. "மேசையை நீயே எடுத்துக்கோம்மா. இதை மட்டும் சரிபண்ணிக் குடுத்து மானத்தைக் காப்பாத்து"ன்னு கையைப் பிடிச்சாரு.

அக்கா கையை உருவிக்கிட்டா. "சார், புதுத்துணியா எடுத்து என் வீட்டுக்கு அனுப்புங்க. நானே வெட்டித் தைச்சுத் தரேன்"னு மேனேஜர்கிட்ட சொன்னா. அண்ணன் கடையில, அண்ணன் முன்னாடியே நின்னு சொன்னா.

மேனேஜர் தலையாட்டினாரு. அண்ணன் அழுதாரு. எனக்குத் துளிகூடப் பாவமா இல்லை. இஸ்திரிப் பெட்டியை அணைச்சிட்டு நானும் அக்கா பின்னாடியே கிளம்பிட்டேன்.