கரடிக்கு எட்டாத உறி

1995-ம் வருடம், புரட்டாசி மாதம். நான் பாளையங்கோட்டையில் ஒரு மகளிர் கல்லூரியில் எம்.எஸ்ஸி. தாவரவியல் படித்துக்கொண்டிருந்தேன். காரையாறு அணையைத் தாண்டி, மலைக்கு உள்ளே ஆறு நாள் தங்கிச் செடிகள் சேகரிக்க எங்களுக்கு அனுமதி கிடைத்தது. மாணவிகள் ஏழு பேர், எங்கள் பேராசிரியை, வழிகாட்ட அந்த மலையிலேயே வாழும் காணிப் பழங்குடிக்காரர் ஒருவர். அவருக்கு முப்பது வயது இருக்கும். அண்ணன் என்றுதான் கூப்பிட்டோம்.

என் அப்பா டவுனில் சாப்பாட்டுக் கடை நடத்திவந்ததால், சாப்பாட்டுப் பொறுப்பு என் தலையில் விழுந்தது. அதில் எனக்குக் கொஞ்சம் மிதப்பும் உண்டு.

ஓடைக்கரையில் இருந்த பழைய தகரக் கொட்டகையில்தான் தங்கினோம். மூன்று பக்கம் சுவர், முன்பக்கம் திறப்பு. முதல் நாளே அண்ணன் எச்சரித்தார்.

“திங்கிய சாமான் எதையும் பையில வச்சுக்கிடாதிய. கரடிக்கு மூக்குதான் கண்ணு. எம் மச்சானுக்குப் பாதி முகம் கிடையாது, அது அடிச்ச அடியில. யார்ட்டயாவது ஏதும் இருக்கா?”

எல்லோருக்கும் முந்திக்கொண்டு நான்தான் பதில் சொன்னேன். “ஒண்ணும் இல்லண்ணே. எல்லாத்தையும் மூட்டையில கட்டியாச்சு.”

அது பொய். அம்மா கொடுத்துவிட்ட முந்திரிக்கொத்துப் பலகாரம் ஒரு டப்பா நிறைய என் பைக்குள், துணிகளுக்கு அடியில் இருந்தது. இறுக்கமான மூடி போட்ட டப்பாவிலிருந்து என்ன வாசனை வந்துவிடப்போகிறது என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், ஏழு பேருக்குப் பங்கு வைக்க மனமில்லை.

மறுநாள் காலை உணவு மூட்டைகளை உயரமான ஒரு மரக்கிளையில் கட்டிவிட்டு எல்லோரும் செடி தேடிப் போனோம். என் தோழி ஒருத்தி காட்டுக் காசித்தும்பைகளைப் பற்றி ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்தாள். அவளுக்கு வேண்டிய ஒரு வகை மேலே ஈரப்பாறைகளில் அந்த ஒரு மாதம்தான் பூக்கும். அதைத் தேடி இன்னும் இரண்டு நாளாவது மேலே ஏற வேண்டியிருந்தது.

மாலை நான்கு மணிக்குத் திரும்பி வந்தபோது கொட்டகை முன்னால் அரிசி இறைந்து கிடந்தது. கருப்பட்டி, வாழைப்பழம், நிலக்கடலை ஒன்றும் மிச்சமில்லை. எண்ணெய் டின்னில் இரண்டு ஓட்டை. கொட்டகைக்குள் இருந்த பைகளில் என்னுடையது மட்டும்தான் கிழிந்திருந்தது. பக்கத்தில் என் டப்பா, மிதிபட்ட தகரமாக நசுங்கிக் கிடந்தது.

அண்ணன் மண்ணில் கிடந்த தடத்தைக் குனிந்து பார்த்தார். “முதல்ல இங்கனதான் வந்திருக்கு. இதைத் தின்னு ருசி பிடிச்ச பொறவுதான் மரத்துல ஏறியிருக்கு.”

அவர் என்னைப் பார்க்கக்கூட இல்லை. மற்ற எல்லோரும் பார்த்தார்கள்.

பேராசிரியை கோபப்படவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. “விடிஞ்சதும் கீழ இறங்கிருவோம். ருசி கண்ட கரடி திரும்ப வரும். உங்களையெல்லாம் பத்திரமா வீட்டுல ஒப்படைக்கணும்” என்றார். தோழி திரும்பிக்கொண்டு செடிகளைக் காகிதத்தில் அடுக்க ஆரம்பித்தாள். அவள் தோள் குலுங்குவது தெரிந்தது.

நான் எழுந்து நின்றேன். “மேடம், தப்பு எம் மேலதான். நான் பொய் சொல்லிட்டேன். ஒரே ஒரு நாள் குடுங்க, நானே சரி பண்ணுதேன்” என்றேன்.

எப்படி என்று கேட்டார். அந்த நிமிடம் வரை எனக்கும் தெரியாது. மேலே பார்த்தேன். கரடி ஏறிய மரத்தில் நகக் கீறல்கள் கிளை வரைக்கும் போயிருந்தன. மரத்தில் கட்டினால் அது ஏறும். அப்போதுதான் எங்கள் கடைச் சமையலறையில் பால் சட்டி தொங்கும் உறி ஞாபகம் வந்தது. பூனை தாவிவிடக் கூடாது என்று அப்பா அதைச் சுவரோரமாக மாட்டாமல் அறைக்கு நடுவில் மாட்டியிருந்தார். இங்கே அறை இல்லை, ஆனால் ஓடை இருந்தது. இரண்டு கரையிலும் மரம் இருந்தது.

அண்ணனிடம் சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது. “நைலான் கயிறு எவ்வளவு இருக்கு?” என்று மட்டும் கேட்டார்.

இருட்டுவதற்குள் முடித்தோம். அவர் இரண்டு மரத்திலும் ஏறி ஓடைக்குக் குறுக்கே கயிறு கட்டினார். நடுவில் ஒரு இரும்பு வளையம், அதன் வழியாக இன்னொரு கயிறு. அதைக் கொட்டகையில் இருந்தபடியே இழுத்தால் மூட்டை அந்தரத்தில் ஏறும். குறுக்குக் கயிறு நெடுகத் தட்டு, கரண்டி, தம்ளர் எல்லாவற்றையும் கோத்துத் தொங்கவிட்டேன். அடுப்பையும் நூறு அடி தள்ளி மாற்றினேன்.

பிறகு ஒவ்வொரு பையாக உதறச் சொன்னேன். சீடை வந்தது, பிஸ்கட் வந்தது, இருமல் மிட்டாய் வந்தது. தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலைக்கூட வாங்கி மூட்டையில் போட்டேன். கடைசியில் மேடம் தன் பையிலிருந்து ஒரு பாட்டில் தேன் நெல்லிக்காயை எடுத்து என் கையில் வைத்தார். அத்தனை பேரும் சிரித்துவிட்டோம், என் தோழியும்தான்.

கொட்டகை வாசலில் தீ மூட்டி, மூங்கிலை வரிசையாக நட்டு அடைத்துவிட்டுப் படுத்தோம். நன்றாக விடிந்த பிறகு அண்ணன் மெதுவாக எங்களை எழுப்பி, விரலை உதட்டில் வைத்தார்.

மூங்கில் இடுக்கு வழியாகப் பார்த்தோம். கரேலென்று, மார்பில் வெள்ளைப் பட்டையோடு, ஓடைக்கரையில் அது நின்றது. மூக்கைத் தூக்கி மோந்தது. இரண்டு காலில் எழுந்து நின்று கையை நீட்டியது. எட்டவில்லை. விறுவிறுவென்று மரத்தில் ஏறிவிட்டது. உச்சியில் இருந்து ஒரு கையால் கயிற்றைப் பிடித்து உலுக்கியதுதான் தாமதம், தட்டும் கரண்டியும் தம்ளரும் கடகடவென்று ஒரு கல்யாண வீட்டுச் சமையல்கட்டு போலச் சத்தம் போட்டன. கரடி வெலவெலத்துப்போய் மரத்தோடு சறுக்கி, தொப்பென்று ஓடைத் தண்ணீரில் விழுந்தது. எழுந்து, உடம்பை உதறி, மூட்டையை ஒரு முறை அண்ணாந்து பார்த்து உறுமிவிட்டுப் புதருக்குள் போய்விட்டது.

“ஏட்டி, ஜெயிச்சிட்டோம்ட்டி!” என்று தோழி என்னைக் கட்டிப்பிடித்துக் கத்தினாள்.

மேடம் மூட்டையை இறக்கச் சொன்னார். பிறகு, “கஞ்சியைக் குடிச்சிட்டு மேல ஏறுவோம்” என்றார். மலை இறங்கும் பேச்சையே யாரும் எடுக்கவில்லை.

இறைந்து கிடந்ததைக் கூட்டி அள்ளிய அரிசியில் நாளுக்கு இரண்டு வேளை கஞ்சிதான். கரடி மறுநாளும் ஓடைக்கரை வரை வந்தது, அண்ணாந்து பார்த்தது, போய்விட்டது. ஐந்தாம் நாள் ஒரு ஈரப்பாறை இடுக்கில், விரல் நுனி அளவு இளஞ்சிவப்புப் பூவோடு அந்தக் காசித்தும்பை நின்றது. தோழி அதைத் தொடக்கூட இல்லை, கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆறாம் நாள் கீழே இறங்கியபோது சோதனைச் சாவடிக் காவலர், “ரெண்டாம் நாளே ஓடி வந்துருவியன்னுல்லா நெனச்சேன்!” என்றார். “கரடிதான் ஓடுச்சு. இந்தப் பிள்ளையள்ல ஒருத்தியும் ஓடல” என்று அண்ணன் சொன்னபோது, பசியிலும் அழுக்கிலும் எங்களுக்கு நடை ராஜநடையாகிவிட்டது.

அதற்குப் பிறகு வேலையிலும் வீட்டிலும் எத்தனையோ தப்பு செய்திருக்கிறேன். ஆனால் எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று ‘நான்தான் செய்தேன், நானே சரி செய்கிறேன்’ என்று சொல்ல, அந்த ஓடைக்கரைக்குப் பிறகு ஒரு நாளும் நான் தயங்கியதில்லை.