கை நனைத்த வீடு

காலையில் செய்தித்தாளைப் பிரித்தாலே எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வருகிறது. உக்ரைனுக்குத் துணை நிற்போம் என்று தோள் தட்டிய நாடுகள் மறுபடியும் கூடிப் பேசியிருக்கின்றன. முடிவு அடுத்த கூட்டத்திலாம். அங்கே வீடு எரிகிறது, இவர்கள் தண்ணீர்க் குடத்தைக் கையில் வைத்துக்கொண்டு நல்ல நேரம் பார்க்கிறார்கள். வாய்விட்டே திட்டுகிறேன். சமையலறையிலிருந்து என் மனைவி கேட்கிறாள்: "யாரைத் திட்டறீங்க? அவங்களையா, உங்களையா?"

அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன்.

கோவையில் ஒரு கல்லூரியில் முப்பது வருஷம் அரசியல் பாடம் நடத்தினேன். ஓய்வுக்குப் பிறகு வடவள்ளியில் எங்கள் குடியிருப்புக்காரர்கள் சேர்ந்து நடத்தும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு நான்தான் தலைவர். நாற்பது பேர் கூடுவோம். ஏதாவது ஒரு பொருளைப் பற்றிப் பேசி, கை தூக்கித் தீர்மானம் போட்டு, கலெக்டருக்கோ எம்.பி.க்கோ அனுப்புவோம். சாக்கடை, தெருநாய், பஸ் நேரம் எதையும் விட்டதில்லை. கூடுகிற இடம் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடி. மண்டபத்துக்காரர் எங்கள் உறுப்பினர். பம்பு ஃபவுண்டரியும் வைத்திருக்கிறார்.

எங்கள் தெருவில் ஒரு இளம் டாக்டர் உண்டு. உக்ரைனில் படிக்கப் போய், கார்கிவ் நகரத்துப் பெண்ணையே கட்டிக்கொண்டு வந்தவர். அந்தப் பெண் மாமியாரிடம் தமிழ் கற்றாள். காய்கறி வண்டிக்காரரிடம் "ஏனுங்க, நேத்துக் குடுத்த தக்காளி பூரா நசுங்கிப்போச்சுங்க" என்று சண்டை பிடிக்கும் அளவுக்குக் கற்றாள்.

போர் தொடங்கிய வாரம் எங்கள் கூட்டத்தில் நான் முக்கால் மணி நேரம் பேசினேன். கைதட்டல் அடங்கவில்லை. மண்டபத்துக்காரரே மெழுகுவர்த்தி ஏற்றினார். அடுத்த வருஷம் "பாவம்" என்றவர்கள் "இன்னுமா முடியல?" என்றார்கள். அதற்கடுத்த வருஷம், "கொஞ்சம் நெலத்த விட்டுக்குடுத்துபோட்டு நிம்மதியா இருக்கலாமுல்லீங்க?" என்றார் ஒருவர். காங்கேயத்துப் பக்கம் ஒரு முழ வரப்புக்காகப் பங்காளியோடு இருபது வருஷம் கோர்ட்டுக்கு அலைந்தவர் அவர். நானும் சிரித்துவைத்தேன்.

போன வருஷம் ஒரு நாள் அந்தக் கார்கிவ் பெண் என்னை வீட்டுக்கு அழைத்தாள். அவளுடைய அப்பா ஓய்வுபெற்ற சரித்திர வாத்தியார். ஊரை விட்டு வரமாட்டேன் என்று பிடிவாதமாக அங்கேயே இருக்கிறார். தெருப் பிள்ளைகளை நிலவறையில் உட்கார வைத்துப் பாடம் சொல்லித் தருகிறார். அவர் மகளிடம் போனில் ஒரே ஒரு கேள்விதான் திரும்பத் திரும்பக் கேட்கிறாராம்: "நீ இருக்கிற ஊரில் யாராவது எங்கள் பக்கம் பேசுகிறார்களா?"

"நானும் ஏதேதோ சொல்லி மழுப்பிட்டு இருக்கறனுங்கய்யா. உங்க கூட்டத்துல ஒரு தீர்மானம் போட்டீங்கன்னா அதை அப்படியே படிச்சுக் காட்டீருவேன். அப்பாவுக்கு அது போதுமுங்க" என்றாள்.

ஒரு தாளில் மூன்று வரி எழுதி வைத்திருந்தாள். ஒரு நாட்டுக்குள் இன்னொரு நாடு படையோடு புகுவது தவறு. தங்கள் ஆட்சியைத் தாங்களே தேர்ந்தெடுக்கும் மக்கள் அதை எதிர்த்து நிற்கிறார்கள். நாங்கள் அவர்கள் பக்கம். அவ்வளவுதான். நான் வகுப்பில் ஒரு பருவம் முழுக்க நடத்தியதை அவள் மூன்று வரியில் முடித்திருந்தாள்.

மேசையில் அரிசிம்பருப்புச் சோறு ஆவி பறந்துகொண்டிருந்தது. அவள் பரிமாறவில்லை. "மொதல்ல நாயத்தப் பேசி முடிச்சுக்கலாங்கய்யா. அப்பறமாக் கை நனைங்க" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் பக்கம் பெண் பார்க்கப் போனால், பேச்சு முடியும்வரை அந்த வீட்டில் ஒரு வாய் சாப்பிடமாட்டோம். சாப்பிட்டால் சம்மதம். கை நனைத்துவிட்டுப் பின்வாங்குபவனை மறுபடி எந்தச் சபையிலும் மதிக்கமாட்டார்கள். இது அவளுக்கு நன்றாகவே தெரியும். கல்யாணமாகி வந்த புதிதில் அவளுடைய மாமனார் இரண்டு வருஷம் அவள் பரிமாறியதைத் தொடாமல் இருந்தவர்.

"இதுல பேச என்ன அம்மணி இருக்குது? தீர்மானம் போட்டாச்சுன்னே வெச்சுக்க" என்றேன். இரண்டு முறை கேட்டு வாங்கி, நெய் ஊற்றிச் சாப்பிட்டேன்.

சனிக்கிழமை மண்டபத்துக்காரர் போன் செய்தார்.

"சாப்ட்டீங்களாங்க சார்? நாளைக்கு என்னமோ தீர்மானம் வருதாமா?"

"ஆமாங்க."

"வேண்டாம்னு சொல்லலீங்க சார். நம்ம சரக்கு இப்ப ரஷ்யாப் பக்கந்தான் கொஞ்சம் போய்ட்டிருக்குது. பேப்பர்ல கீப்பர்ல மண்டபத்துப் பேரு வந்தா நல்லாருக்காது. நீங்க படிச்சவங்க. பார்த்துச் செய்யுங்க."

இதில் மிரட்டல் எங்கே இருக்கிறது? எத்தனையோ முறை யோசித்துப் பார்த்துவிட்டேன். இல்லை. மிரட்டியிருந்தாலாவது பயந்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். அந்த மாடியும், அந்த நாற்காலியும், "தலைவர் சார்" என்கிற அழைப்பும் கெட்டுவிடக்கூடாது என்ற நினைப்பைத் தவிர என்னிடம் வேறு காரணம் கிடையாது.

ஞாயிறன்று அவள் மாமனாரோடு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். நான் மூன்று வரியையும் படித்தேன்.

"ரஷ்யா நமக்குப் பழைய சிநேகிதமுங்க" என்றார் ஒருவர்.

"நாம இங்க உக்காந்து தீர்மானம் போட்டா அங்க டாங்கி நின்னுருமாக்கும்?" என்றார் வரப்பு வழக்குக்காரர். மாடியே சிரித்தது.

அவளுடைய மாமனார் எழுந்தார். கூட்டத்தில் வாயே திறக்காத மனிதர்.

"ஏனுங்க, போன மாசம் தெருநாய்க்குத் தீர்மானம் போட்டமே, நாய் நின்னுருச்சா? அதுக்கு மட்டும் ரெண்டு கையையும் தூக்குனீங்க? இது என்ற மருமவ பொறந்த ஊருங்க. அங்க ஊடு பூந்து அடிக்கறான். அடிக்கறது தப்புன்னு சொல்றதுக்கு என்னத்துக்குங்க இவ்வளவு ரோசனை? இந்தா, நான் தூக்கறேன்."

கையைத் தூக்கினார். சிரிப்பு நின்றது. இரண்டாவது வரிசையில் ஒரு கை மெதுவாக எழுந்தது. சன்னலோரம் இன்னொன்று. மற்றவர்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் மட்டும் அப்போது "சரி, கை தூக்குங்க" என்று சொல்லியிருந்தால் தீர்மானம் நிறைவேறியிருக்கும். இதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை.

நான் மண்டபத்துக்காரரைப் பார்த்தேன். அவர் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது பெரிய விஷயம். எல்லாக் கோணத்திலும் படித்துப் பார்த்து, அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைப்போம்" என்றேன்.

அடாவடிக்காரனுக்கு இடம் கொடுத்தால் அடங்கிவிடுவான் என்று நம்பிய தலைவர்களைப் பற்றிப் பத்து மதிப்பெண் கேள்வி கேட்டுக் கேட்டுப் பிள்ளைகளின் விடைத்தாளில் சிவப்பு மையால் சுழித்தவன் நான். மாமனாரின் தூக்கிய கை இன்னும் இறங்கவில்லை. அதை யாரும் எண்ணவில்லை. டீயும் கீரை வடையும் வந்தன.

அடுத்த கூட்டத்தில் மழைநீர்த் தொட்டி பற்றிப் பேசினோம். ஒத்திவைத்தது என்னவாயிற்று என்று ஒருவரும் கேட்கவில்லை. நிகழ்ச்சிநிரல் எழுதுபவன் நான்தான்; நானும் எழுதவில்லை. அதற்கடுத்த வாரமும் எழுதவில்லை.

ஒரு மாதம் கழித்து என்னால் தாங்க முடியவில்லை. தலைவர் பதவியை விட்டு விலகுவதாக எழுதிக் கொடுத்தேன். வேறொரு தாளில் அந்த மூன்று வரியையும் என் கையால் எழுதி, "நாங்கள்" என்பதை "நான்" என்று மாற்றிக் கையெழுத்திட்டு அவள் வீட்டுக்குப் போனேன்.

அவள் நின்றபடியே படித்தாள். கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். படவில்லை.

"இதை அப்பாவுக்குப் படிச்சுக் காட்ட முடியாதுங்கய்யா" என்றாள்.

"ஏன் அம்மணி?"

"கூட்டம் நடந்த அன்னைக்குச் சாயங்காலமே போன் பண்ணிக் கேட்டாருங்க. நாப்பது பேரும் கை தூக்குனாங்க, ஒரு புரொபசர்தான் முன்ன நின்னு நடத்துனாருன்னு சொல்லீட்டனுங்க. நெலவறைல பிள்ளைங்ககிட்ட எல்லாம் சொன்னாராமா. இப்பப் போயி, நாப்பது இல்லீங்கப்பா, ஒருத்தர்தான்னு எப்படீங்க சொல்றது?"

நான் வாசல் பக்கம் திரும்பினேன்.

"உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னாருங்க" என்றாள்.

தாளை நாலாக மடித்து அலமாரியில் வைத்தாள். மேசையில் இரவுச் சாப்பாட்டுக்குத் தட்டுகளை எடுத்து வைத்திருந்தார்கள். எங்கள் ஊரில் தபால்காரரைக்கூட "சாப்பிட்டுப் போங்க" என்று சொல்லாமல் அனுப்பமாட்டோம். அவள் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்தேன். "வாரனுங்க அம்மணி" என்றேன். "சரிங்கய்யா" என்று கதவு வரைக்கும் வந்தாள். சாப்பிடச் சொல்லவில்லை.