அண்ணாந்து குடிச்ச மாத்தே

இப்ப நெனச்சாலும் சிரிப்பு தாங்கல. கேளுங்க. ஜெர்சி சிட்டில எம் பொண்ணு வீட்ல பேத்திக்கு அப்ப ஆறு மாசம். எனக்கு விசா முடியுது, ஊருக்குக் கெளம்பணும். டேகேர்ல எங்கயும் எடம் இல்ல. பாத்துக்க ஆள் கெடைக்கலேன்னா பொண்ணு வேலைய விடணும். எவ்ளோ அலைஞ்சு வாங்கின கம்ப்யூட்டர் வேலை!

கீழ் வீட்ல ஒரு அர்ஜென்டினாக்காரம்மா, என் வயசுதான் இருக்கும். வீட்லயே ரெண்டு கொழந்தைங்களப் பாத்துக்கறாங்க. அவங்க ஊரு உலகத்துக்கே அந்தக் கோடியாம், மாப்பிள்ளை சொன்னாரு. மாடு நெறைய இருக்காம். அப்ப சாணிக்குப் பஞ்சமே இல்லன்னேன், அவருக்குச் சிரிப்பு. சரி, அத விடுங்க.

ஞாயித்துக்கெழம அவங்க ஊர்க்காரங்க எல்லாம் அங்கதான் கூடுவாங்க. "பாப்பாவ சேத்துப்பாங்களான்னு கேக்கலாம், வாம்மா"ன்னா பொண்ணு. போனோம். உள்ள நுழைஞ்சதும் கன்னத்துல முத்தம்! ஆம்பளைங்களும் வந்தாங்களா, நான் டக்குனு பேத்திய முன்னாடி நீட்டிட்டேன்.

அப்புறம் மாத்தே வந்துது, அவங்க ஊரு டீயாம். சின்ன சுரைக் குடுவை, உள்ள பச்ச எலைத் தூளு, வெந்நி, ஒரு வெள்ளிக் கொழாய். ஒருத்தர் உறிஞ்சிட்டுக் குடுக்க, அந்தம்மா திரும்ப வெந்நி ஊத்தி அடுத்தவங்களுக்கு நீட்டறாங்க. அதே கொழாய்! என் கைக்கு வந்துது.

"வேணாம்னா தப்பா எடுத்துப்பாங்கம்மா, பாப்பா விஷயம் இருக்கு"ன்னு பொண்ணு காதக் கடிக்கறா.

"எச்சில்டீ!"

"ஒரே ஒரு வாய் குடியேம்மா!"

நானா விடுவேன்? கொழாய உருவி வெச்சேன். அண்ணாந்தேன். கவுத்தேன். எலை மொத்தமும் மூஞ்சில, மூக்குல, ஜாக்கெட்டுக்குள்ள! நல்ல வேளை, நாங்க குசுகுசுத்த நேரத்துல வெந்நி ஆறியிருந்துது.

எல்லாரும் நான் உருவி வெச்ச கொழாயவே பாக்கறாங்க. அந்தக் கொழாய அசைக்கவே கூடாதாம். யாரு சொன்னா எனக்கு? பொண்ணு மொகத்துல ஈயாடல, வேலை போச்சுன்னே முடிவு கட்டிட்டா.

அந்தம்மா ஏதோ கேட்டாங்க. பொண்ணு எச்சில் சமாச்சாரத்த இங்கிலீஷ்ல சொன்னா. ஒடனே அந்தம்மா எழுந்து போயி ஒரு டம்ளர் தண்ணி கொண்டாந்து, செஞ்சு காட்டுன்னு சைகை! காட்டினேன். அவங்களும் அண்ணாந்தாங்க பாருங்க, தலையோட நனைஞ்சு, இருமி, வயித்தப் பிடிச்சுக்கிட்டு சிரிப்பு. அப்புறம் ஆளாளுக்கு டம்ளர்! கார்ப்பெட்டெல்லாம் கொளம்!

பேத்தி கெக்கெக்கேன்னு சிரிச்சா. அந்தம்மா ஈரக் கையோடயே அவள வாங்கி இடுப்புல வெச்சுக்கிட்டாங்க. "திங்கக்கெழமயிலேர்ந்து கொண்டாந்து விடச் சொல்றாங்கம்மா!" பொண்ணு சிரிக்கறா, அழறா.

குடுவைல புது எலை போட்டு, வெந்நி ஊத்தி, கொழாய திரும்பச் சொருகி எங்கிட்ட நீட்டினாங்க. இந்த வாட்டி வாய வெச்சே குடிச்சேன். வேப்பெலக் கசப்பு! இன்னொண்ணு ஊத்துங்கன்னு நீட்டினேன்.