பிரெட்டும் சாத்துக்குடியும்

மூன்று மாதம் முடிகிறவரை யாரிடமும் சொல்லக் கூடாது என்பது எங்கள் இரண்டு வீட்டிலும் வழக்கம். அதனால் சொல்லவில்லை. பத்தாவது வாரத்தில் கரு கலைந்தபோது, சொல்லாத ஒன்று போய்விட்டதை யாரிடம் போய்ச் சொல்வது என்று தெரியாமல் அதையும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் இருந்த இரண்டு நாளுக்கு, வெளியூர்க் கல்யாணம் என்று கீழ் வீட்டு மாமியிடம் பொய் சொன்னோம். ஸ்ரீரங்கத்தில் எங்களுக்கு மாடியை வாடகைக்கு விட்டிருப்பவர் அவர்.

அதற்குப் பிறகு என் மனைவி அழவே இல்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது. சமைத்தாள், வேலைக்குப் போனாள், "குழம்புல உப்பு சரியா இருக்கா?" என்று கேட்டாள். நான் எதைக் கேட்டாலும் "ஒண்ணுமில்லைங்க." மூன்று மாதமாக இந்த ஒண்ணுமில்லையோடுதான் குடித்தனம். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். எதுவானாலும் படித்துத் தெரிந்துகொண்டுவிடலாம் என்று நம்பி வளர்ந்தவன். இதற்கு எதைப் படிப்பது?

கடைசியில் போனில் ஒரு வீடியோ அகப்பட்டது. புருஷன் தட்டு நிறைய காலைச் சாப்பாடு எடுத்துக்கொண்டு கட்டிலுக்கே வருகிறான். பெண்டாட்டி கண் விழித்துச் சிரிக்கிறாள். கல்யாணமான புதிதில் இதே மாதிரி ஏதோ ஒன்றைப் பார்த்துவிட்டு என் மனைவி சொன்னாள்: "எனக்கெல்லாம் இப்படிக் கொண்டுவந்து குடுப்பீங்களாக்கும்? வெந்நீர் வைக்கவே அடுப்பு எதுன்னு கேப்பீங்க." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். அந்தச் சிரிப்பு ஒருமுறை வந்தால் போதும் என்றிருந்தது. வீடியோவை நிறுத்தி நிறுத்தி எழுதிக்கொண்டேன். பிரெட், வெண்ணெய், முட்டை, ஆரஞ்சு ஜூஸ், ஆப்பிள், ஒரு ரோஜா.

முட்டையைப் பட்டியலிலிருந்து உடனே அடித்துவிட்டேன். முட்டை, மாமிசம் கூடாது என்பதுதான் வீடு தரும்போது மாமி போட்ட ஒரே கண்டிஷன். சனிக்கிழமை ஆபீஸ் விட்டதும் காந்தி மார்க்கெட்டில் இறங்கினேன். ஆரஞ்சு வேண்டாம், புளிக்கும் என்று பழக்காரரே சொன்னார். "ஜூஸுக்கு சாத்துக்குடிதான் தம்பி. ஒடம்புக்கும் நல்லது." பூ விற்ற அக்கா ரோஜாவின் காம்பைக் கிள்ளப் போனார். காம்போடு வேண்டும் என்றேன். "காம்ப வச்சு என்னய்யா பண்ணப்போற? அந்தப் புள்ள தலையில குத்துமே!"

பிரெட்டும் வெண்ணெயும் எங்கள் தெரு மளிகைக் கடையில் வாங்கினேன்.

"யாருக்குத் தம்பி ஒடம்பு முடியல?" என்றார் கடைக்காரர்.

"யாருக்கும் இல்லண்ணே. சும்மாதான்."

"சும்மா யாரு பிரெட் திம்பா?" என் பையை எட்டிப் பார்த்தார். "சாத்துக்குடி, ஆப்பிள். எந்த ஆஸ்பத்திரி?"

"வீட்டுக்குத்தாண்ணே."

"ஓ, டிஸ்சார்ஜ் ஆயாச்சா? நல்லதாப் போச்சு. ஆரோரூட் பிஸ்கட்டும் ஒண்ணு வச்சிடுறேன்."

வைத்தும்விட்டார். அதற்கும் சேர்த்துக் காசு கொடுத்தேன்.

அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். மணப்பாறைப் பக்கம் கூலி வேலைக்குப் போன என் அப்பாவும், வீட்டில் யாருக்காவது காய்ச்சல் என்றால்தான் பிரெட் வாங்கி வருவார். காய்ச்சல்காரனுக்கு மட்டும் அம்மா அதைப் பாலில் நனைத்து, படுத்த பாயிலேயே ஊட்டுவாள். தம்பியும் தங்கையும் சுற்றி உட்கார்ந்து வாயைப் பார்ப்பார்கள். எனக்கென்று மட்டும் வீட்டுக்கு வந்த ஒரே தின்பண்டம் அதுதான். பிரெட் என்றதும் எனக்கு நோய் ஞாபகம் வராமல் போனதற்கு வேறு காரணம் தெரியவில்லை.

கேட்டுக்குள் நுழைந்தபோது மாமி துளசிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். பையைப் பார்த்தார். "என்னடாப்பா, பிரெட்டா?" என்றார். ஆமாம் என்றேன். என் முகத்தையும் ஒரு தடவை பார்த்தார், அவ்வளவுதான். பையை அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு முன்னால் எழுந்தேன். மூன்று டப்பாவைத் திறந்த பிறகு சர்க்கரை கிடைத்தது. ஸ்பூன் கிடைக்கவேயில்லை, ஜூஸைக் கத்தி முனையால் கலக்கினேன். தோசைக்கல்லில் பிரெட்டை வாட்டி, ஆப்பிளைத் தோல் சீவி நறுக்கி, எல்லாவற்றையும் கல்யாணத்துக்கு வந்த தாம்பாளத்தில் அடுக்கினேன். இடம் காலியாகத் தெரிந்ததால் பிஸ்கட்டையும் வைத்தேன். ஓரத்தில் ரோஜா.

"என்னங்க இது?" எழுந்து உட்கார்ந்தாள்.

"எறங்காத. அப்படியே கட்டில்லயே சாப்பிடு."

"ஐயே, பல்லுகூட வெளக்கலைங்க."

உதட்டோரத்தில் என்னவோ வரப் பார்த்தது. நான் தாம்பாளத்தை அவள் மடியில் வைத்தேன். அவள் குனிந்து பார்த்தாள். பிறகு நிமிரவில்லை.

"அன்னைக்கும் இதத்தாங்க வாங்கிட்டு வந்தீங்க" என்றாள்.

ஆமாம். லைட்டாக ஏதாவது கொடுங்கள் என்று நர்ஸ் சொன்னதும், ஆஸ்பத்திரிக்கு எதிர்க் கடைக்கு ஓடி நான் வாங்கி வந்தவை. பிரெட், ஆப்பிள், சாத்துக்குடி. இதே பிஸ்கட்.

"ரோஜா மட்டுந்தான் அங்க இல்ல." கோபமே இல்லாமல் சொன்னாள். கோபப்பட்டிருந்தால் மன்னிப்பாவது கேட்டிருப்பேன். தாம்பாளத்தை எடுப்பதா, அங்கேயே விடுவதா என்று தெரியாமல் அதன் விளிம்பைப் பிடித்தபடி நின்றேன்.

அப்போது கதவு தட்டும் சத்தம். தாம்பாளத்தோடே போய்த் திறந்தேன். மாமி. கையில் சின்னத் தூக்கு.

"நொய்க் கஞ்சி. சூடா இருக்கு. யாருக்குடாப்பா ஒடம்பு படுத்தறது? நேத்திக்கே கேட்டிருப்பேன், நீ முழிச்ச முழி நன்னாயில்லே."

"யாருக்கும் இல்ல மாமி. சும்மா..."

"எனக்குத்தான் மாமி" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

மாமி என்னைத் தாண்டிப் போனார். நான் சமையலறைக்குப் போனேன். அந்த அறையில் எனக்கு இடம் இருப்பதாகத் தோன்றவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் அவள் சொல்வது கேட்டது. ஸ்கேன் எடுத்த அன்றிலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள். "இந்நேரம் ஆறாம் மாசம் மாமி" என்றாள். அவள் மாதக் கணக்கு வைத்திருந்தது எனக்குத் தெரியாது. பிறகு அழுகை. மூன்று மாதமாக நான் எதிர்பார்த்துப் பயந்த அழுகை. "அடிப் பாவி, கீழேதானேடி இருக்கேன். ஒரு வார்த்தை சொல்லப்படாதா?" என்று மாமியும் அழுதார்.

உள்ளே போகலாமா, போனால் அழுகை நின்றுவிடுமா என்று தெரியவில்லை. நறுக்கிய ஆப்பிள் தாம்பாளத்தில் பழுப்பாகிக்கொண்டிருந்தது.

"ஒரு ஸ்பூன் கொண்டாடாப்பா!" மாமி கூப்பிட்டார்.

மறுபடியும் டப்பா டப்பாவாகத் தேடினேன். மேலே, கீழே, அரிசி டிரம்முக்குப் பின்னால்கூட.

"அவருக்குத் தெரியாது மாமி" என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே அவள் சொல்வது கேட்டது. பிறகு என்னை நோக்கி, "ஏங்க, தண்ணிக் குடத்துக்குப் பக்கத்துல, பச்சை டம்ளர்ல!"

அங்கேதான் இருந்தது. கழுவித் துடைத்து எடுத்துப் போனபோது, கட்டிலில் சாய்ந்தபடி அவள் வாயைத் திறந்திருந்தாள். தூக்கு மூடியில் கஞ்சியை ஆற்றி மாமி புகட்டிக்கொண்டிருந்தார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நான் ஸ்பூனோடு நிலைப்படியிலேயே நின்றேன்.