கௌசல்யா போட்ட ரெண்டு கிராஃப்

பென்சில் சீவின வாசனையும் ரப்பர் தூளும்... ஒன்பதாம் வகுப்புல கிராஃப் பாடம் நடக்கிற ரெண்டு வாரமும் கிளாஸ் ரூம் முழுக்க அதுதான். பச்சைக் கட்டம் போட்ட ஷீட்டைத் தொட்டுத் தொட்டு என் விரல் நுனியெல்லாம் கறுத்துப் போயிருக்கும்.

மந்தைவெளியில ஒரு ஸ்கூல். மேத்ஸ் மிஸ்ஸா சேர்ந்து எனக்கு அது ரெண்டாவது வருஷம். ரொம்ப ஸ்ட்ரிக்ட்னு பேர் வாங்கியிருந்தேன். அதுல கொஞ்சம் திமிரும் உண்டு. கிராஃப்னா தலைப்பு வேணும், ரெண்டு அச்சுக்கும் பேர் வேணும், ஸ்கேலை மேல வலது மூலையில எழுதணும். இதுல ஒண்ணு இல்லைன்னாலும் சிவப்பு பேனா இறங்கிடும்.

அந்த வருஷம் புத்தகக் கணக்கு போதும்னு விட்டுட்டு ஒரு ப்ராஜெக்ட் கொடுத்தேன். வீட்டுல ஏதாவது ஒண்ணை பத்து வாரம் அளந்து எழுதணும், கிராஃப் போடணும், கீழ 'இதிலிருந்து என்ன தெரிகிறது'ன்னு ரெண்டு வரி எழுதணும். ஒருத்தன் தண்ணி லாரி எத்தனை தடவை வந்ததுன்னு எண்ணினான். ஒருத்தி மாடியில வெச்ச அவரைக்கொடியை அளந்தாள்.

கௌசல்யா அவங்க அம்மாவோட வெயிட்டை எடுத்துக்கிட்டாள்.

அவங்க அம்மாவுக்கு தி.நகர்ல ஒரு ஜவுளிக்கடையில, புடவை செக்‌ஷன்ல வேலை. லீவு நாள்ல மார்க்கெட் போகும்போது மெடிக்கல் ஷாப் வாசல்ல இருக்கிற மெஷின்ல ஏறி நிப்பாங்களாம், இவள் நோட்டுல குறிச்சுக்குவாளாம். முதல் வாரம் ஐம்பத்தெட்டு கிலோ. பத்தாவது வாரம் ஐம்பத்தொண்ணு.

அன்னிக்கு எனக்கு அது வெறும் ரெண்டு நம்பர்.

அவள் முதல்ல போட்ட கிராஃப் ஐம்பதுல ஆரம்பிச்சு அறுபதுல முடிஞ்சது. ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ. கோடு மாடிப்படி மாதிரி சரசரன்னு இறங்கியது. கீழ எழுதியிருந்தாள்... 'அம்மா ஒவ்வொரு வாரமும் குறைந்துகொண்டே போகிறார்.'

நான் பார்த்தது அச்சைத்தான். பூஜ்யத்துல ஆரம்பிக்கலைன்னா அச்சோட அடியில ஒரு சின்ன நெளிகோடு போட்டுக் காட்டணும். அதை விட்டிருந்தாள். அதை மட்டும் போடச் சொல்லியிருக்கலாம். நான் ரெண்டு மார்க் குறைச்சு, பூஜ்யத்துல இருந்து புதுசா போட்டுட்டு வான்னு திருப்பிக் கொடுத்தேன். கூடவே எனக்குப் பிடிச்ச லெக்சரும்... அச்சை வெட்டினா சின்ன விஷயமும் பெருசாத் தெரியும், விளம்பரக்காரங்க இப்படித்தான் ஏமாத்துவாங்க, நாம ஏமாறக்கூடாதுன்னு.

மறுநாள் கொண்டு வந்தாள். ஒரு சென்டிமீட்டருக்குப் பத்து கிலோ. கோடு லேசா சரிஞ்சு, கிட்டத்தட்ட படுத்துக் கிடந்தது. ஷீட்டைக் கொடுத்துட்டு என் டேபிள் பக்கத்துலயே நின்னாள்.

"மிஸ், அப்ப இது பெரிய குறைச்சல் இல்லல்ல?"

"பாரு, சமமாத்தானே போகுது. முதல்ல தேவையில்லாம பயமுறுத்திட்ட"ன்னேன்.

அவள் முகம் தெளிஞ்சதை நான் பார்த்தேன். கீழ 'எடையில் பெரிய மாற்றம் இல்லை'ன்னு எழுதினாள். நான் டிக் போட்டு 'குட்'னு எழுதினேன்.

அடுத்த பேரன்ட்ஸ் மீட்டிங்குக்கு அவங்க அம்மா கடை யூனிஃபார்ம் புடவையிலயே வந்தாங்க. ப்ளவுஸ் தோள்ல நிக்காம ஊக்கு குத்தியிருந்தாங்க. நான் வெயிட் குறைக்கறேன்னு பெசன்ட் நகர் பீச்ல நடையா நடந்த காலம் அது. நீங்க எப்படிங்க குறைச்சீங்க, எனக்கும் சொல்லுங்கன்னு கேட்டேன். சத்தியமா கேட்டேன். அவங்க வெட்கப்பட்டுச் சிரிச்சாங்க. கடையிலயும் எல்லாரும் இதையேதான் கேக்கறாங்கன்னு சொன்னாங்க.

அரைப்பரீட்சை லீவு முடிஞ்சும் கௌசல்யா ஸ்கூலுக்கு வரல. ஒரு வாரம் கழிச்சுத் தகவல் வந்தது... அம்மா போயிட்டாங்க. வயித்துல கேன்சராம். கண்டுபிடிக்கறப்பவே முத்திப் போச்சாம்.

நானும் இன்னொரு டீச்சரும் வீட்டுக்குப் போனோம். ஒரே ரூம். பீரோ கதவுல அந்த கிராஃப் ஷீட் ஒட்டியிருந்தது. என் சிவப்பு 'குட்' வாசல்ல நிக்கும்போதே தெரிஞ்சது. கௌசல்யாவோட சித்திதான் பாய் விரிச்சு உட்கார வெச்சாங்க. குத்தம் சொல்ற குரலே இல்ல, சும்மா புலம்பலாத்தான் சொன்னாங்க.

"இன்னா பண்றது மிஸ். ஆஸ்பத்திரிக்கு வாக்கான்னு எத்தினி தபா கூப்ட்டேன். பொண்ணு கிராஃப் போட்டுகீது, மிஸ்ஸே குட்டுன்னு எழுதிக்கீறாங்கோ, அப்பால பாத்துக்கலாம்னு சொல்லிக்கினே இருந்துச்சு."

எழுந்து கிட்ட போய்ப் பார்த்தேன். பத்தாவது வாரத்தோட கோடு நிக்கல. அதுக்கப்புறமும் பென்சில்ல புள்ளி வெச்சுக்கிட்டே போயிருக்கிறாள். நாப்பத்தொம்பது, நாப்பத்தேழு, நாப்பத்திநாலு... என் ஸ்கேல்ல அதுவும் லேசாத்தான் சரிஞ்சிருந்தது.

கௌசல்யா பக்கத்துல வந்து நின்னாள். அழல.

"முதல்ல போட்டதுதான் கரெக்டா மிஸ்?"

ஆமாம்மான்னு சொன்னேன். மன்னிப்பு கேட்டிருக்கணும். கூட ஆள் இருக்காங்களேன்னு கூச்சப்பட்டுக் கேக்காமயே வந்துட்டேன். அதை இன்னிக்கு வரைக்கும் என்னால ஜீரணிக்க முடியல. வருஷம் முடிஞ்சதும் சித்தி அவளை வேளச்சேரிக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. அப்புறம் நான் அவளைப் பார்க்கவே இல்ல.

இப்ப அடையாறுல வேற ஸ்கூல். கம்ப்யூட்டர் லேப்ல நம்பரைப் போட்டு பட்டனை அமுக்கினா கிராஃப் வந்துடுது, ஸ்கேலையும் அதுவே எடுத்துக்குது. விரல் கறுக்கறதில்ல. பசங்க கலர் கலரா பிரின்ட் எடுத்துட்டு வர்றாங்க. அந்தப் பென்சில் வாசனையை நினைச்சா ஏக்கமாவும் இருக்கு, அந்த பீரோ கதவும் கூடவே ஞாபகம் வருது.

தலைப்பு, ஸ்கேல் எல்லாம் நான் இப்ப அப்புறமாத்தான் பார்க்கறேன். முதல்ல அந்தக் கடைசி ரெண்டு வரி. படிச்சுட்டு, இது யாரோட நம்பர், அவங்க இப்ப எப்படி இருக்காங்கன்னு கேக்கறேன். பசங்களுக்கு எரிச்சலா இருக்கும்.

"சும்மா டேட்டாதான் மிஸ்"னு சொல்லுவாங்க.

சரின்னு தலையாட்டறேன். ஆனா பதில் வந்த பிறகுதான் சிவப்பு பேனாவோட மூடியைத் திறக்கறேன்.